கூட்டத்தைப் பார்த்துப் பாடு

என் தம்பி மேடையில் கூட்டத்தைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். நான் அவனுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசிக்கிறவள். ஒவ்வொரு பாட்டிலும் கடைசி வரியை மனம்போனபடி திரும்பத் திரும்பப் பாடுவான். போதும் என்று தோன்றினால் திரும்பி என்னைப் பார்ப்பான். நான் ஓங்கி ஒரு அடி அடித்து முடித்துவைப்பேன். எங்கள் வீட்டு கார் ஷெட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வட்டமாக உட்கார்ந்து வாசித்தே வளர்ந்த பேண்டு. மேடையில் வட்டம் கிடையாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் அம்மாள்தான் உடைத்துச் சொன்னார். ஒரு பெரிய பேண்டு ஊர் ஊராகப் போகப்போகிறது. அவர்கள் மேடை ஏறுமுன் கொஞ்ச நேரம் வாசிக்க ஆள் தேடுவது அவர் பொறுப்பு.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா டிக்கெட் வாங்கி வந்தவங்க உங்க தம்பி முதுகையா பாக்கணும்? சனிக்கிழமை கச்சேரியில ஒரு தடவைகூடத் திரும்பக் கூடாது. சரியா வந்தா டூர் முழுக்க நீங்கதான். இல்லேன்னா நான் வேற பேண்டைப் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவன் ஏன் திரும்புகிறான் என்று எனக்கல்லவா தெரியும்? பயம். மேடை ஏறுமுன் வாந்தி எடுக்கிற பாடகன் அவன். ஒருமுறை பாதிப் பாட்டில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ கடைக்குப் போகிறவன் மாதிரி இறங்கியே போய்விட்டான். அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் கெட்டிப்பட்டது. என் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு மூச்சு சீராகும். அதையும் பிடுங்கிக்கொண்டு பாடு என்றால் எப்படிப் பாடுவான்?

இருந்தாலும் நானேதான் சொன்னேன். "டேய், இனிமே என்னைப் பாக்கக் கூடாது. ஷட்டரைப் பாத்துப் பாடு."

மூடிய ஷட்டர் கதவுக்கு எதிரே மைக்கை வைத்தோம். நாங்கள் மூவரும் அவனுக்குப் பின்னால் வரிசையாக இடம்பிடித்தோம். முதல் பாட்டிலேயே கழுத்து தானாகத் திரும்பியது.

"கழுத்துல ஸ்பிரிங் கிஸ்பிரிங் வச்சிருக்கியாப்பா?" என்றார் கிட்டார்காரர். அவர் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், எங்களுக்கு வாத்தியார். "கடைசி வரி நாலு தரம்னு எண்ணி வச்சுக்கோ. வம்பே இல்லை."

"பாடிக்கிட்டே எண்ண வராது சார்."

"அப்ப பைக் கண்ணாடியைக் கழட்டி மைக் ஸ்டாண்டுல மாட்டிடலாம். அக்கா அதுல தெரிவாங்க."

வாத்தியார் விளையாட்டாகத்தான் சொன்னார். பேஸ் கிட்டார் வாசிக்கும் என் வீட்டுக்காரர் நிஜமாகவே கழற்றிக்கொண்டு வந்து மாட்டிவிட்டார். விளைவு, தம்பி ஒரு பாட்டு முழுக்க, முகச்சவரம் செய்கிறவன் மாதிரி, அந்தக் கண்ணாடியையே வெறித்துக்கொண்டு பாடினான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் பயம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "முடிக்கணும்னா இடது கையைத் தூக்கி இறக்குடா மாப்ளே. உங்க அக்கா பாத்துப்பா."

சனிக்கிழமை அவன் வாந்தி எடுக்கவில்லை. அதுவே எனக்குக் கிலியாக இருந்தது. கழிப்பறை வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றவளை, "என்னக்கா இங்க நிக்கிறே?" என்று கேட்டுவிட்டுக் கடந்துபோனான்.

அந்த அரங்கம் நாங்கள் வாசித்ததிலேயே பெரியது. ஏற்பாட்டாளர் அம்மாள் ஓரத்துத் திரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் பாட்டின் முடிவில் தம்பியின் கை உயர்ந்து இறங்கியது. அடித்தேன். முடிந்தது. கைதட்டல். திரும்பவில்லை. அடுத்ததிலும் அப்படியே. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வந்தது. இதோ திரும்பப்போகிறான், இதோ மைக்கை வைத்துவிடப்போகிறான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தேன்.

கடைசிப் பாட்டில் அவன் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவிக்கொண்டு மேடை விளிம்புக்கே போய்விட்டான். இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. விளிம்புக்குப் பக்கத்திலேயே இறங்கும் படி. அன்றைக்கு இறங்கிப் போனதும் இப்படித்தான் ஆரம்பித்தது. என் பார்வை அவன் கால்களை விட்டு நகரவில்லை. திரும்புடா, ஒரே ஒரு தடவை என்னைப் பாருடா, டூரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தேன்.

சட்டென்று என் டிரம்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. வாத்தியார் நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரரும் நிறுத்திவிட்டார். தம்பியின் கை எப்போதோ உயர்ந்து இறங்கியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. பாதியில் நிறுத்தினால் மானம் போய்விடும், நிறுத்தாவிட்டால் எங்கே நிறுத்துவது? கைகள் தம்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. வியர்வை கண்ணில் இறங்கியது.

தம்பி அப்போதும் திரும்பவில்லை. எல்லாம் பேசிவைத்ததுதான் என்பதுபோல இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினான். அரங்கம் முழுவதும் என் அடிக்குச் சேர்ந்து தட்டியது. பிறகு இடது கையை மட்டும், குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி, மெதுவாக உயர்த்தி இறக்கினான். முடித்தேன். அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதே இல்லை.

"அந்தக் கடைசி டிரம்ஸ் பிரமாதம்மா! டூர்ல எல்லா ஊர்லயும் அப்படியே வையுங்க" என்றார் ஏற்பாட்டாளர் அம்மாள். வாத்தியார் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தார்.

தம்பி மூச்சிரைக்க வந்தான். "என்னக்கா ஆச்சு? கை காட்டினேனே."

"நீ திரும்புவேன்னு பாத்துட்டிருந்தேன்டா."

"திரும்பக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

குறையாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டான். அதற்குள் யாரோ கூப்பிட, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடினான். நான் டிரம்ஸைக் கழற்றத் தொடங்கினேன். ஒரு திருகைக் கழற்றுவதற்குள் நாலு தரம் அவன் போன பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.