விளக்கு வைக்கும் நேரம்

கதவு இல்லாத பின்வாசல் நிலை அது, வெறும் சட்டம், அதன் வழியாகச் சாயங்கால வெயில் கூச்சமில்லாமல் நுழைந்து டாக்டர் சௌந்தரவல்லியின் காலடியில் கிடக்கிறது, தச்சரை வரவழைத்துக் கீலோடு கழற்றிவிட்டாள், இனிப் பூட்ட ஒன்றுமில்லை, கிளினிக் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தாணுப்பிள்ளை வந்து குதிக்கட்டும், குதிக்கத்தான் வேண்டும், புதுக் காய்ச்சல் வருகிறது, இருமுகிறவர்களுக்குத் தனி வழி வையுங்கள் என்று டாக்டர்கள் கூட்டத்தில் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொன்னார்கள், போன காய்ச்சலுக்கே அவளும் நர்ஸ் பிலோமினாவும் இந்தப் பின்வாசலில் பந்தலும் பெஞ்சும் போட்டு வைத்திருந்தார்கள், ஆனால் இருட்டத் தொடங்கினால் போதும், மாடியிலிருந்து தாணுப்பிள்ளை இறங்கி வருவார், வெளக்கு வைக்கிற நேரத்துல பின்கதவு தொறந்து கெடந்தா லட்சுமி எறங்கிப் போயிருவா டாக்டரம்மா, என்று சிரித்துக்கொண்டே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுவார், கிளினிக்கே சாயங்காலந்தானே அண்ணாச்சி, இருமுறவங்களும் கைப்பிள்ளக்காரிகளும் ஒரே ஹால்ல அடஞ்சு கெடக்காங்களே, என்று பிலோமினா கெஞ்சுகிறாள், கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள், சௌந்தரவல்லியின் கனவிலும் வந்து அந்தக் கதவைத் தட்டுகிறாள், உள்ளேயிருந்தா வெளியேயிருந்தா என்பது மட்டும் தெரிவதில்லை, அந்த ஹாலில் வாங்கிய காய்ச்சலிலேயே பிலோமினா போனாள், துக்கம் கேட்க வந்த தாணுப்பிள்ளை, விதி டாக்டரம்மா, என்றார், அந்த வார்த்தையைச் சௌந்தரவல்லி இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இப்போது முன்வாசலில் ஓர் இருமல், சால்வை போர்த்திக்கொண்டு அவரேதான், கண்ணெல்லாம் சிவந்து, மூச்சு இழுத்து, மேலே மாடியில் அப்போதுதான் விளக்கேற்றி மணியடிக்கிறார்கள், சுத்திப் பின்னால வாங்க அண்ணாச்சி, என்றாள், எங்க வீட்டுக்குள்ள நானே கொல்லப்புறமா வரணுமா, அதுவும் இந்நேரத்துல, என்றார், ஆமா, என்றாள், அந்த ஒரு சொல் நாக்கில் அப்படி இனித்தது, அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வரும்வரை நகராமல் நின்று பார்த்தாள், பிறகு கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு நாடி பார்த்தாள், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள், மூக்கில் காற்றுக்குழாய் மாட்டினாள், ஒரு குறையும் வைக்கவில்லை, இரக்கமெல்லாம் இல்லை, இந்த ஆள் சாகக் கூடாது, பிழைத்துத் தினமும் இதே நேரத்தில் இதே வழியாக வந்து போக வேண்டும், வெயில் இறங்கிவிட்ட நிலைச் சட்டத்தை அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார், கதவைத் தேடினார், ஒரு துணியாவது கட்டித் தொங்கவிடும்மா, லட்சுமி போயிருவா, என்று முனகினார்.

போகட்டும் அண்ணாச்சி, என்றாள், எங்க பிலோமினா போகலையா.