மேஜையில் மாமாவின் இடம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வள்ளியம்மா ஆனேக்கல்லுக்குப் போகிறாள், மகள் மகா வீட்டுக்கு. நாலு நாள் இருந்துவிட்டு வரப் போகிறவள் கம்பளிப் போர்வையையும் புருஷனுடைய போட்டோவையும் எடுத்துப் பையில் வைப்பாளா? வள்ளியம்மா வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததுமே மருமகள் ரூபினிக்குத் தெரிந்துவிட்டது. அத்தை திரும்பி வரப் போவதில்லை.

சண்டை என்று ஒன்று வந்திருந்தால்கூடத் தேவலை. ஈஜிபுராவில் அந்த வாடகை வீட்டில் ஒரு நாள் குரல் உயர்ந்தது கிடையாது. மாமனார் முனிகிருஷ்ணன் போன தை மாதம் தவறினார். அதிலிருந்து வள்ளியம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், "சும்னேம்மா, சும்மாத்தான். பொண்ணப் பார்க்கணும்போல இருக்கு" என்பாள். கணவன் பிரகாஷிடம் சொன்னதற்கு, "போயிட்டு வரட்டும் விடு" என்று சொல்லிவிட்டு அவன் பொம்மசந்திராவுக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான். நல்ல பிள்ளை!

ரூபினி யோசித்து யோசித்துப் பார்த்தாள். அத்தைக்குத் தன்மேல் குறை என்று ஒன்று இருந்தால் அது அந்த மேஜைதான்.

பிரகாஷ் கல்யாணத்தின்போது முனிகிருஷ்ணன் ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட தேக்கு மேஜை அது. ஏதோ பழைய பங்களாவை இடித்தபோது கிடைத்தது. அரக்கு பாலிஷ் போட்டது, குனிந்தால் முகம் தெரியும். அதில் அவர் உட்காரும் ஓரம் மட்டும் தட்டு அகலத்துக்குச் சாம்பல் பூத்து வெளுத்துக் கிடந்தது. அது ரூபினியின் கைங்கரியம். கொரோனா இரண்டாவது அலையில் அவள் கோவிட் வார்டில் நர்ஸ். வீட்டிலும் சானிடைசர் பாட்டிலும் கையுமாகத்தான் அலைந்தாள். அது அரக்கு பாலிஷைத் தின்றுவிடும் என்று யார் கண்டது? வள்ளியம்மா அந்த ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மனுஷர் ஆசையாக வாங்கிய பொருளைப் பாழாக்கிவிட்டோமே, வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று ரூபினி நினைத்துக்கொண்டாள். அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் அத்தை பையைப் பிரித்துவிடுவாள் என்று நம்பினாள்.

விவேக் நகர் ஹார்டுவேர் கடைக்காரர்தான் வழி சொன்னார். "சானிடைசர்ல இருக்கற ஸ்பிரிட் பட்டுத்தான வெளுத்துச்சு? அதே ஸ்பிரிட்ல அரக்கு ஊற வைங்க. கரைஞ்சதும் துணியில தொட்டுத் தொட்டுத் தேய்ங்க. அவசரப்படாதீங்க மேடம், புடிச்சுக்கும்."

ஞாயிறு மத்தியானம் வேலையை ஆரம்பித்தாள். நைஸ் உப்புத்தாளால் வலிக்காமல் தேய்த்து, தூசியைத் துடைத்தாள். பஞ்சைப் பழைய வேட்டித் துண்டில் பொட்டலமாகக் கட்டி, அரக்கில் தொட்டு, நீளவாக்கில் இழுத்தாள். முதல் தடவைக்கே வெளுப்பு இருண்டது. இரண்டாவது தடவைக்குத் தேக்கின் ரேகை மேலே வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது தடவைக்குத் தோளையே கொடுத்துத் தேய்த்தாள்.

ஸ்பிரிட் வாடை வீடெல்லாம் பரவியது. வள்ளியம்மா உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகளின் கை போய் வருவதையே பார்த்தாள்.

"பாருங்க அத்தை, பழைய கலர் வந்துருச்சு."

"நிறுத்து."

"இன்னும் ஒரு கோட்டு போட்டா..."

"நிறுத்துடி!"

ரூபினியின் கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'அம்மா' போடாமல் கூப்பிடாதவள் வாயிலிருந்து 'டி' வந்திருக்கிறது.

"இப்படியேதான்டி அன்னிக்கும் தேய்ச்ச. அவரு சாப்ட்டு எழுந்து கை கழுவப் போவாரு. திரும்பி வர்றதுக்குள்ள சர்ரு சர்ருன்னு அடிச்சு அவரு உக்காந்த எடத்தத் தொடைப்ப. தெனமும். அவரு கை கழுவற எடத்துலேர்ந்து பார்த்துக்கிட்டே நிப்பாரு. சின்ன வயசுல பங்களாவுல தோட்ட வேலை செஞ்சவருடி அவரு. பின்கட்டுல எலை போடுவாங்க. எழுந்ததும் அந்த எடத்துல தண்ணி ஊத்தித் தள்ளுவாங்க. அந்த மனுஷன் வெறி புடிச்சு வாங்கின மேஜை இது. மருமக வேற ஆளுங்க வீட்டுப் பொண்ணு, நம்மளோட ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு வாங்கினாரு."

ரூபினி வேறு சாதி. காதல் கல்யாணம். அவள் அப்பா அம்மா இன்றுவரை இந்த வாசற்படி மிதித்ததில்லை. அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு வந்தவள் நான் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. ஒருவர் சாப்பிட்டு எழுந்த இடத்தை உடனே துடைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. அவளுக்கும் வரவில்லை.

"அத்தை, அப்போ ஊரே தொடைச்சுதே..."

"தொடைச்சுது. நீ அவரு எடத்த மட்டும் தொடைச்ச."

"வார்டுல அவரு வயசு ஆளுங்கதான் அத்தை வரிசையா போனாங்க. மாமாவுக்கு சுகர் வேற, வீசிங் வேற. என் கையாலதான நான் பரிமாறுனேன்? அவரு உக்கார்றதுக்கு முன்னாடியும் தொடைப்பேன். அவரு அதப் பார்க்கல. என் கை பட்ட எடத்துல அவரு திரும்பக் கை வெச்சுடுவாரேன்னு பயம். சத்தியமா அத்தை."

அதைச் சொல்லும்போதே அவளுக்கு இன்னொன்று நினைவு வந்தது. அந்த வருஷம்தான் மாமா மேஜையை விட்டார். 'நாற்காலியில உக்காந்தா முட்டி வலிக்குதும்மா' என்று கட்டிலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். சாகிற வரைக்கும் அப்படித்தான் சாப்பிட்டார். இவள் மருந்துக் கடையில் முட்டிக்கு ஆயின்மென்ட் வாங்கிக் கொடுத்தாள். பாவி மனுஷர், அதையும் தினம் தேய்த்துக்கொண்டார்.

"ஏன் அத்தை என்கிட்ட கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேக்கத்தான் எழுந்தேன். கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டாரு." வள்ளியம்மாவின் குரல் உடைந்தது. "'கேக்காத வள்ளி. அவ ஆமான்னு சொல்லிட்டா அப்புறம் இந்த வீட்ல நான் எங்க உக்காருவேன்'னாரு."

ரூபினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சுப் பொட்டலம் கையிலேயே இருந்தது. அழுகை வரவில்லை. அத்தையிடம் கேட்கும் மன்னிப்பு அத்தைக்குத்தான் போய்ச் சேரும். அவர் அப்படியே நினைத்துக்கொண்டு போய்விட்டார். அதை இனி எந்த அரக்கைக் கொண்டு தேய்ப்பது?

வள்ளியம்மா குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எழுந்திரு. கெளம்பு."

"எங்க அத்தை?"

"கல்பள்ளிக்கு. எங்கிட்ட சொன்னத அவருகிட்டயே சொல்லு."

ஆட்டோ பிடித்துப் போனார்கள். கல்பள்ளி இடுகாட்டில் முனிகிருஷ்ணனைப் புதைத்த மேடு இன்னும் சிமென்ட் பூசாமல் மண்ணாகவே இருந்தது. புல் முளைத்திருந்தது. ரூபினி மண்டியிட்டாள். "மாமா" என்றாள் மெல்லிய குரலில்.

"சொல்லு. சத்தமா சொல்லு, அவருக்குக் காது மந்தம்."

"மாமா, நான் உங்களத் தொடைக்கல மாமா." இப்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வார்டுலேர்ந்து வந்த என் கையத்தான் மாமா தொடைச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதான்... எனக்குத் தெரியல மாமா. அது உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

வள்ளியம்மா குனிந்து மண்மேட்டைப் பட்டென்று ஓர் அடி அடித்தாள். "கேட்டியாய்யா? நான் அன்னிக்கே கேக்கறேன்னேன். நீதான வேணாம்னு தடுத்த? இப்ப கேளு. நல்லாக் கேளு!" திட்டத் திட்ட அவள் கண்ணிலும் நீர் வழிந்தது. துடைக்காமல் மருமகள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மகாதான்.

"எங்கம்மா இருக்க? பஸ் ஏறிட்டியா?"

"ஏறல. நான் வரல மகா, இங்கயே இருந்துக்கறேன்" என்றாள் வள்ளியம்மா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்புறம் பேசறேன், வெச்சிடு. உங்கண்ணி உங்கப்பாகிட்ட பேசிட்டிருக்கா" என்றாள்.