கொழுந்தன் பூட்டிய கணினி

கொழுந்தன் உதிரிபாகங்களை வாங்கித் தன் கையாலேயே பூட்டிக் கொடுத்த புதுக் கணினி, பொத்தானை அமுக்கினால் விசிறி சுழன்று, திரை ஒளிர்ந்து, ஒரு நிமிடத்தில் செத்துவிடும். காலையிலிருந்து இதே கூத்துதான். அண்ணிக்குக் கட்டட வரைபடம் போடும் வேலை. பள்ளிக்கூட மாடிப்படியின் வரைபடத்தை மாலைக்குள் அனுப்பாவிட்டால் அந்த வேலை வேறு கைக்குப் போய்விடும்.

“கரண்ட் சரியில்ல அண்ணி.”

“அதே கரண்ட்லதான் ஃப்ரிட்ஜ் ஓடுது. உன் பொட்டி மட்டும் என்ன புது மாப்பிள்ளையா, முறுக்கிக்கிறதுக்கு?”

அவன் மெமரியைக் கழற்றி ஊதினான். விண்டோஸைத் திட்டினான். கடைசியில் அவளுடைய கோப்புகள்தான் கனம் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

அவள் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பிராசசரின் மேல் உட்கார்ந்திருந்த கூலர் ஜில்லென்றிருந்தது.

“சூட்டை இழுக்கிற சாமானே ஜில்லுன்னு இருந்தா சூடெல்லாம் எங்க போகுது? அடியிலேயே தங்கிதான் அணைஞ்சுடுது. கழட்டு.”

கூலரின் அடியில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள். பொருத்துமுன் உரிக்கவும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. கார் வாங்கி மூன்று வருஷமாகியும் சீட்டின் பாலிதீனைப் பிரிக்காதவன் அவன்.

“புதுசு கெட்டுடக் கூடாதேன்னு விட்டுட்டேன் அண்ணி.”

“மூளையையும் அப்படியே உறை பிரிக்காம வெச்சிருக்கியா தம்பி?”

அவளே தாளை உரித்து, சூடு கடத்தும் பசை தடவிப் பூட்டினாள். கணினி அணையவில்லை. அவள் மாடிப்படியில் மூழ்கியபோது பக்கத்து அறையிலிருந்து, போனில் நண்பனிடம் பேசும் அவன் குரல் கேட்டது.

“சின்னக் கோளாறுதான்டா, கண்டுபிடிச்சுட்டேன். உனக்கும் ஒண்ணு பூட்டித் தரட்டுமா?”