பாலைப் பார்த்துக்கொள்வது

தாமிர அண்டாவைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதில் சீஸ் செய்துகொண்டிருந்தவள் என் மனைவி. அவள் இறந்து ஒரு வருடமாகிறது. பழைய பாத்திரக்காரர் மாலை வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அவளுடைய தங்கைக்கு அது பொறுக்கவில்லை. ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவள் பெயர் சில்வண்டு.

"அத்தான், எனக்கு இந்த வேலைதான் வேணும். பாதி அக்காகிட்ட கத்துக்கிட்டேன், மீதி நீங்க பாத்திருக்கீங்க. இன்னிக்கு ஒரே ஒரு தடவை போட்டுப் பாப்போம். பால் கட்டியாகலேன்னா நானே அண்டாவைத் தூக்கி வண்டியில வெக்கறேன்."

சரி என்றேன். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

காலையில் பால்காரர் கறந்த சூட்டோடு பாலைக் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் இருவரும் அண்டாவைக் கழுவப் பின்பக்கம் எடுத்துப் போனோம். போகிற போக்கில் மாமியாரிடம் சொன்னேன். "அத்தை, பாலைக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

திரும்பி வந்தால் அடுப்படி முழுக்க ஆவி. வீட்டில் இருந்த பெரிய பாத்திரங்கள் எல்லாவற்றிலும் காய்ச்சிய பால். அத்தையின் முகம் வியர்வையில் மின்னியது.

"ஒரு சொட்டு பொங்க விடல, மாப்பிள்ளை!"

சில்வண்டு தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா! பாத்துக்கச் சொன்னா அடுப்புல ஏத்தச் சொன்னாங்களா?"

"பாலை வேற எப்படிடி பாத்துக்கறது? மடியில போட்டுத் தாலாட்டவா?"

ஒரு பாத்திரத்தை ஆறவைத்து, பாலைக் கட்டியாக்கும் உறைமருந்தை விட்டுப் பார்த்தோம். கொழகொழவென்று கஞ்சியாகக் கிடந்தது.

"காய்ச்சினா பால் வாயை மூடிக்கும். பச்சையா இருந்தாதான் மாடு என்ன மேஞ்சுதுன்னு சொல்லும்." அக்காள் சொல்வதை அக்காளின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள் சில்வண்டு. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலக் கறவைதான் மிச்சம். பால்காரரிடம் ஓடினோம்.

"காலையில குடுத்தது என்ன ஆச்சு?"

"நல்லாப் பாத்துக்கிட்டோம்," என்றேன்.

சில்வண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

புதுப்பாலை அண்டாவில் ஊற்றி, கறந்த சூடு ஆறுவதற்குள் மருந்தைக் கலந்தோம். பாத்திரக்காரர் வந்து நின்றார். சில்வண்டு கையை விரித்து வாசலை மறித்தாள்.

"மெதுவா நடங்க. அண்டா அசைஞ்சா எல்லாம் போச்சு."

"நான் அண்டாவை எடுக்கத்தானம்மா வந்தேன்!"

"எடுக்கலாம். உள்ள இருக்கறது சரின்னு சொல்லட்டும்."

அத்தை அவருக்கு ஸ்டூல் போட்டுக் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். "பால் குடிங்க. நிறைய இருக்கு."

மூன்றாவது டம்ளரில் அவரும் எங்களைப் போலக் குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார். "அண்டாவுல இருக்கறது காய்ச்சாத பாலா? கெட்டுப்போகாதா?"

"மாடும் கையும் பாத்திரமும் சுத்தமா இருக்கணும். அப்புறம் உப்புப் போட்டு மாசக்கணக்குல வெக்கணும். அந்தப் பாலுக்குள்ளயே இருக்கற உயிர்தான் ருசியைக் கொண்டுவரும்," என்றேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசி நாளாகியிருந்தது.

"அத்தான், நீங்க பாருங்க. அக்கா விரலை விட்டுத்தானே பாப்பா."

விரலைச் சாய்வாக உள்ளே விட்டு மெல்லத் தூக்கினேன். கட்டியான பால் நேர்க்கோடாகப் பிளந்தது. பிளவில் பச்சை ஓடிய தெளிநீர் ஊறியது. விரலில் எதுவும் ஒட்டவில்லை. புல்லின் வாசனை வந்தது.

சில்வண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலாடி உனக்கு?"

அவள் கத்தியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். இனி ஒருவர் மாற்றி ஒருவர் கை ஓயாமல் துழாவ வேண்டும்.

"அண்டாவைக் குடுக்கறதா இல்லைங்க," என்றேன் பாத்திரக்காரரிடம்.

"அது தெரியுது சார்." அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "கை கழுவற எடம் எங்க?"