மூச்சுக்குழாய்

…ஆட்டிப் பார்த்தாள், சத்தமில்லை, காதோடு ஒட்டி வைத்து மறுபடி ஆட்டினாள், ஊமையாகத்தான் இருந்தது. கார் என்ஜினிலிருந்து கழற்றிய கட்டைவிரல் அளவு வால்வு. தம்பி காலையில் போனில் பேசி அனுப்பியிருந்தான், "அக்கா, கழட்டிக் காதுகிட்ட வச்சு ஆட்டு. கடகடன்னா உயிர் இருக்கு. கம்முனு இருந்தா என்ஜின் மூச்சு முட்டிக் கிடக்கு." மெக்கானிக் பேசுகிற பேச்சா இது? இருபத்திரண்டு வருடமாக நுரையீரல் வார்டில் நெஞ்சு நெஞ்சாகக் கேட்டவள் அவள், என்ஜினுக்கும் மூச்சு உண்டென்று இன்றுதான் தெரிகிறது. உள்ளே சேரும் புகையை இந்த வால்வு வழியாக இழுத்து மறுபடி எரித்துவிடுமாம், வழி அடைத்தால் அழுத்தம் ஏறி, ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசியுமாம்… அப்படியானால் தம்பி இரண்டு தடவை சீல் மாற்றியும் ஒழுகியது அவன் குற்றமில்லையே. முன்னாடி சொட்டுச்சு, உன் தம்பி கை வச்சப்புறம் ஊத்துது, என்று இவர் சொன்னதோடு அவன் போனவன்தான், எட்டு மாதம், எதைக் கொடுக்க வந்தாலும் வாசல் கேட்டோடு சரி. அவனை வீட்டுக்குள் கூட்டிவர இந்த வால்வு போதுமா? கிளீனரை அடித்துக் கிண்ணத்தில் ஊறப்போட்டாள். கறுப்பு கரைந்து வந்தது, தேநீர் டிகாக்ஷன் மாதிரி. மறுபடி ஆட்டினாள். கடகட. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

அடுத்து ஓஸ், வால்விலிருந்து போகும் ரப்பர் குழாய். ஊதிப் பார் என்றிருந்தான், துடைத்துவிட்டு ஊதினாள், கன்னம் உப்பியதுதான் மிச்சம், ஒரு முனையில் மட்டும் விரிசல் வழியே காற்று சீறியது… இந்தச் சத்தம் எங்கேயோ கேட்டதாயிற்றே? மறுமுனையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினாள். வெள்ளையாக ஒன்று வந்து விழுந்தது. பிளாஸ்திரி சுற்றிய பென்சில் துண்டு. பிளாஸ்திரி அவள் பையில் இருப்பது. நுனி உள்பக்கமாக மடித்திருந்தது, அடுத்த முறை உரிக்க லகுவாக. நகத்தால் தேடிப் பழகிய அவள் அப்படி மடிப்பதில்லை, வீட்டில் மடிப்பவர் ஒருவர்தான், வரைபட அலுவலகத்தில் பென்சிலைப் பிடிக்க முடியாத வரை தேய்ப்பவர். சீல் மாற்றும்போது தம்பி கேட்டானே, அவள் காது படத்தான் கேட்டான், "அத்தான், ஓஸ்ல ஏதும் கை வச்சீங்களா?" "நான் ஏன் வைக்கப் போறேன்?" வேறு யாராவது சொல்லியிருந்தால் பிடுங்கிப் பார்த்திருப்பான், அத்தான் சொன்னதால் விட்டுவிட்டான்.

அட பாவி மனுஷா. கோபம் பொங்கி வந்தது, வந்த வேகத்தில் பாதியில் நின்றது. எப்போது வைத்தார்? எதற்கு? சீறல்… போன மழைக்காலம் முழுக்க அவள்தான் புலம்பினாள், இந்த வண்டி வார்டு மாதிரியே இழுக்குதுங்க, வீட்டுக்கு வர்ற வழியிலயுமா, தாங்க முடியல. ஒரு நாள் சத்தம் இல்லை. "அட, நின்னுடுச்சே!" "தானா நின்னிருக்கும்," என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அன்று வீடு வரும்வரை தூங்கினாள்.

விரிசல் முனையை நறுக்கிவிட்டு மாட்டலாம், அப்படித்தான் தம்பி சொல்வான். நறுக்காமலே மாட்டி, வண்டியைக் கிளப்பினாள். சீறியது. மாடி ஜன்னல் திறந்தது.

"என்ன, உன் தம்பி வண்டவாளம் தெரிஞ்சுதா?" என்றவர் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "மறுபடி வந்துடுச்சா அது… உனக்குத் தலை வலிக்குமே."

போன் அதிர்ந்தது. தம்பி பேசி அனுப்பியிருந்தான். "என்னக்கா, அடைப்பு இருந்துச்சா?"

பென்சில் துண்டு கைக்குள் இருந்தது. இருந்துச்சுடா என்று சொல்லலாம், ஒரு வார்த்தைதான், அடுத்த கேள்வி என்ன அடைப்பு என்றுதான் வரும், அவன் உள்ளே வந்தால் இவர் எங்கே போய் முகத்தை வைப்பார்… இவரே சொல்ல வேண்டும். சொல்வாரா? இந்தச் சத்தத்தை அவள் சொல்லித்தான் அவர் கேட்டார், அவர் சொல்லாததால் அவள் காதில் விழாமலே போனது எது எது?

"வண்டியை ஆஃப் பண்ணிடு," என்றார் மெதுவாக.

"இருக்கட்டுங்க," என்றாள், "கொஞ்சம் இறங்கி வாங்க."