ஜூஸ் கடைக்காரர் தண்ணீர் குடிக்க மாட்டார்

1

இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை, வயிற்றில் உதித்தது. தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். தலை விட்டது, வயிறு பிடித்துக்கொண்டது. எரிச்சலை வீணாக்குவானேன் என்று அதை ஒரு ஜூஸ் கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். எழுதுகிறவர்கள் செய்யும் தர்மம் இவ்வளவுதான்.

‘பொன் வெயிலில் எலுமிச்சைகள் மின்னிய அந்தக் காலையில், அவர்...’

(வேண்டாம். நாள் முழுக்கப் பழம் பிழிகிறவருக்கு வெயிலா தெரியும்? மணிக்கட்டுதான் தெரியும்.)

2

மணிக்கட்டு வலிக்குத்தான் மாத்திரை. காலையில் ஒன்று, கூட்டம் அதிகமானால் இன்னொன்று. ஆட்கள் பார்க்கப் பார்க்க, தன் கையால் பிழிந்த சாற்றை ஊற்றியே விழுங்குவார்.

“சாப்பிட்டுட்டு, தண்ணியில போடுங்கன்னு மருந்துக்கடை அம்மா எத்தன தடவ சொல்லிட்டாங்க? அந்த மாத்திரையே வயித்தப் புண்ணாக்குமாம். அதுமேல புளிப்பையும் ஊத்தினா?” என்றாள் மனைவி, ஆரஞ்சு உரித்தபடி.

“ஜூஸ் கடைக்காரனே தண்ணி குடிச்சா வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“வயிறு அவங்களுக்கா எரியுது?”

(இவளைச் சும்மா புலம்பிவிட்டு உள்ளே போகிறவளாகத்தான் வைத்திருந்தேன். வாய் இவ்வளவு நீளும் என்று எனக்கே தெரியாது.)

3

இங்கே அவர் மயங்கி விழ வேண்டும். ஆம்புலன்ஸ், அழுகை, தெருவில் உருளும் எலுமிச்சைகள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். ஒரு ரொட்டித் துண்டை அவர் வாயில் திணித்தாள். ஜூஸ் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் ஒரு எலுமிச்சை வில்லையைச் செருகி நீட்டினாள்.

மாத்திரையைப் போட்டு ஒரு மடக்குக் குடித்தார். புளிப்பில்லை. அவளை முறைத்தார். எதிரே ஆட்கள் நின்றார்கள்.

“எப்படி இருக்கு?” என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

“பிரமாதம்,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அண்ணே, எனக்கும் அதே ஒண்ணு,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

4

சுபம் என்று எழுதிப் பேனாவை மூடப்போனேன். முடியவில்லை. முதல் வரைவில் ஒரு வரி எழுதித் தொலைத்திருக்கிறேன்: இரண்டு நாளாக அவருக்கு மலம் கறுப்பாகப் போகிறது. கறுப்பு திராட்சை ஜூஸ் குடித்ததால் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்குக் கீழேயும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. விளையாட்டாக நான் கொடுத்த எரிச்சல்தானே? வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்னவோ. இனி ஜூஸுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் மட்டும் தீராது, இன்றே டாக்டரிடம் போக வேண்டும். அவர் வாயைத் திறக்கமாட்டார், அவளுக்குத் தெரியாது, எனக்கு அந்தக் கடைக்குள் குரல் கிடையாது. விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான்.

வரிசையில் அடுத்து நிற்பதும் நீங்கள்தான். அவள் பக்கத்திலேயே உரித்துக்கொண்டிருக்கிறாள், பேசினால் காதில் விழும். அவர் தம்ளரைத் துடைத்துவிட்டு, வலிக்கும் கையை உதறிக்கொண்டு, உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“உங்களுக்கு என்ன வேணும்?”