நான் இல்லப்பா

பதினாறு பக்க அச்சுமடிப்பு ஒன்று தலைகீழாகத் தைக்கப்பட்டு, ஒரு கட்டுப் புத்தகம் பைண்டிங் பிரிவுக்கே திரும்பி வந்தது. யார் வேலை என்று மேற்பார்வையாளர் கேட்டு வாய் மூடுவதற்குள், "நான்தான் சார்" என்றாள் தையல் மேசையிலிருந்த இளம்பெண். அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நீ லீவும்மா. விட்டா, போன வாரம் மழை பெஞ்சதுக்கும் நீதான் காரணம்னு எழுதிக் குடுப்ப போல."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். மாலை வகுப்புக்குப் போகும் பேருந்தில் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அப்படித்தான் பழகியிருந்தாள். கூரை ஒழுகினாலும் சரி, அப்பாவுக்கு வேலை போனாலும் சரி, அது கடவுளின் கோபம். கோபத்துக்குக் காரணமானவர் ஒப்புக்கொள்ளும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது. அக்கா, இவள், தம்பி மூவரும் சுவரைப் பார்த்து முட்டி போடுவார்கள். தம்பிக்குப் பசி தாங்காது. அதனால் இவளே முதலில் கையைத் தூக்கிவிடுவாள். பொய் சொன்னேன், பிரார்த்தனையில் கண்ணைத் திறந்தேன், ஏதோ ஒன்று.

தம்பி காய்ச்சலில் கிடந்தபோதும் யார் செய்த பாவம் என்று அப்பா கேட்டார். ஒன்பது வயதில் அதற்கும் கையைத் தூக்கினாள். டாக்டரிடம் யாரும் கொண்டுபோகவில்லை. மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான். அதன்பின் அந்த வீட்டில் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அக்கா போன் செய்தாள். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். யார் செய்த பாவம் என்று ஓயாமல் கேட்கிறாராம்.

"வந்து ஒரு வார்த்தை சொல்லிடுடி. உனக்குப் பழக்கம்தானே. மனுஷன் நிம்மதியா கண்ண மூடட்டும்."

என்ன பேசுவது என்று வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஒரே ஒரு வரி மிஞ்சியது.

அவள் வீட்டுக்குப் போனபோது, கட்டிலில் அப்பா இளைத்துப் பாதியாகக் கிடந்தார். கால் மட்டும் வீங்கிப் பளபளத்தது. அவளைப் பார்த்ததும் கேட்டார்.

"யாரு பண்ணது?"

அவள் கை தானாக எழும்பியது. மறு கையால் அதைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

"நான் இல்லப்பா. தம்பி விஷயத்துலயும் நான் இல்ல."

பதினான்கு வருடம் தொண்டையில் கிடந்தது அவ்வளவுதான். எதுவும் இடிந்து விழவில்லை. அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார்.

"அப்போ... நானா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. தம்பியை டாக்டரிடம் காட்டாதது அவர்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை; இரக்கமா, பழைய பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. நீங்களும் இல்லை, இது வியாதி என்றாள். அவர் நம்பவில்லை. கண் அங்குமிங்கும் அலைந்தது.

"நான்தான்ப்பா" என்றாள் வாசலில் நின்ற அக்கா. "நான்தான் பண்ணேன்."

அப்பா மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார்.

சமையலறையில் அக்கா முதுகைக் காட்டியபடி பாத்திரம் துலக்கினாள். யாராவது சொல்லணுமே என்றாள். சின்னவள் பக்கத்தில் போய் நின்று, கழுவிய தட்டை வாங்கித் துடைத்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணலக்கா."

அக்கா குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.